கமக்காரரோடு சேர்ந்து செயலி செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் இருந்து வேலை செய்யும் சிறிய குழு எங்களுடையது. கிளிநொச்சி, மட்டக்களப்புப் பகுதி விவசாயிகளோடு சேர்ந்து கைத்தொலைபேசியில் இயங்கும் விவசாயக் கருவிகளைச் செய்து வருகிறோம். சில நிலைத்தன, சிலவற்றைக் கைவிட்டோம். பல்கலைக்கழக மாணவர்கள், தொண்டு நிறுவன அலுவலர்கள், கொழும்பில் வேலை பார்க்கும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சேர்ந்து செய்வது என்றால் என்ன? செயலியைச் செய்துவிட்டு விவசாயிகளிடம் கருத்துக் கேட்டால் போதாதா?

போதாது. வீட்டைக் கட்டி முடித்த பிறகு, குடியிருக்கப் போகிறவரை அழைத்து, சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்று கேட்பது போன்றது அது. அறை எத்தனை, கிணறு எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர் இல்லாமலே முடிந்திருக்கும்.

எந்தச் சிக்கலுக்குக் கருவி செய்வது என்று தீர்மானித்த நாளில் விவசாயி அங்கே இருந்தாரா? திரையில் வரும் சொற்களைத் தந்தவர் யார்? ‘இது எங்களுக்கு வேண்டாம்’ என்று அவர் சொன்னபோது வேலை நின்றதா? எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் இவற்றைத்தான் நான் முதலில் கேட்பேன். மூன்றாவதுதான் உரைகல். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் விவசாயி பங்காளி ஆக முடியாது. வெறும் பார்வையாளராகவே இருப்பார்.

இந்த வழிமுறையின் வேர் ஒரு தொழிற்சங்கத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கணினி அறிஞர் கிறிஸ்டன் நைகார்டோடு சேர்ந்து, தொழிற்சாலைக்குள் வரவிருந்த கணினி முறைகளைத் தொழிலாளர்களே ஆராய்ந்து, அவற்றைப் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேச வழி தேடியது. வேலையை மாற்றப்போகும் கருவியின் மீது வேலை செய்பவருக்கும் உரிமை உண்டு என்பதுதான் அன்றைய வாதம். வயலுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சிந்தனை. நம் நாட்டில் யாராவது செய்திருக்கிறார்களா?

கணினி வருவதற்கு முன்பே செய்திருக்கிறார்கள். அம்பாறையின் கல்லோயா இடதுகரை நீர்ப்பாசனத் திட்டம் ஒரு காலத்தில் சண்டைக்கும் சிதைந்த வாய்க்கால்களுக்கும் பேர்போனது. 1981இல் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் கோர்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இளம் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, விவசாயிகளுக்கு நடுவே குடியிருக்க அனுப்பியது. போனவர்கள் சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் தெரிவு செய்வதில் இறங்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார்கள். வாய்க்காலைத் துப்புரவாக்குவது, முறைவைத்து நீர் பாய்ச்சுவது போன்ற வேலைகள் முதலில் நடந்தன, அமைப்பு அதற்குப் பிறகுதான் உருவானது. தலைப்பக்கத்தில் இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீர், தமிழர்களும் இருந்த கடைப்பகுதி வயல்களுக்குப் போனது. இன முரண்பாடு முற்றிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இது நடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. கருவி செய்ய வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கல்லோயாவைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கைத்தொலைபேசி பரவிய பிறகு தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறி விலைகளை விவசாயிக்குச் சொல்லும் முயற்சிகள் நடந்தன. கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் அங்கே விற்கும் சிறு விவசாயிகளை ஆராய்ந்தபோது, தகவல் தேடி அலைவதற்கே அவர்களின் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது என்று கண்டது. டயலொக் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘கொவி மிதுரு’ சேவை தமிழில் ‘உழவர் தோழன்’ என்ற பெயரில் வந்தது. பயிரையும் தொடங்கிய நாளையும் பதிந்தால், பயிரின் பருவத்துக்கு ஏற்ற ஆலோசனை குரலில் வரும். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி, அவுஸ்திரேலியாவின் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ‘கொவி நென’ என்ற செயலியைச் செய்தது. எல்லோரும் ஒரே மரக்கறியைப் பயிரிட்டு, அறுவடை நாளில் விலை விழுந்து நிற்பதற்குக் காரணம், மற்றவர் எவ்வளவு பயிரிட்டிருக்கிறார் என்று தெரியாததுதான் என்பதை அவர்கள் விவசாயிகளிடம் கேட்டே கண்டுகொண்டார்கள். செயலியின் நடுப்புள்ளியும் அதுவாகவே ஆனது.

எங்கிருந்து தொடங்குவது? கேள்விக்கொத்து ஒன்றைத் தயாரிக்கலாமா?

கேள்விக்கொத்தைக் கொழும்பிலேயே வைத்துவிட்டுப் போங்கள். விவசாயியிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கிளிநொச்சிக்கு அருகே ஒரு வீட்டில் அதை நான் கற்றுக்கொண்டேன். முன்விறாந்தைச் சுவரில் ஒரு பசளைக் கடையின் நாட்காட்டி தொங்கியது, மாதம் ஒரு தாள். விதைத்த நாளைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம். பசளை போட்ட நாட்களில் ஒரு புள்ளி, மருந்தடித்த நாட்களில் ஒரு பெருக்கல் குறி. தண்ணீர் வந்த நாட்களின் மூலையில் சிறு கோடு. தாளின் அடியில் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகை, அடித்து அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அந்த வீட்டு அம்மா முந்திய ஆண்டின் நாட்காட்டியையும் அலுமாரிக்குள் இருந்து எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, “போன பெரும்போகத்தில் இதே கிழமை மூன்று தரம் மருந்து, இந்த முறை ஒரு தரம்தான்” என்று விரலால் காட்டினார்.

எங்கள் செயலியில் ஒரு நாளின் வேலையைப் பதிய 14 கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்தது. அவருக்கு நான்கு குறிகள் போதுமாக இருந்தன. இரண்டு போகங்களை ஒப்பிடும் வசதி எங்களுடையதில் இல்லவே இல்லை. கொழும்புக்குத் திரும்பியதும் அந்தத் திரைகளை எல்லாம் நீக்கினோம். இப்போது எங்கள் பதிவேட்டின் முதல் திரை ஒரு நாட்காட்டித் தாள்தான். வட்டம், புள்ளி, பெருக்கல், கோடு.

இன்னொரு நல்ல இடம், போகம் தொடங்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டம். எந்த நாளில் விதைப்பது, குளத்தில் இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் செய்வது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். விவசாயிகள் தங்களுக்குள் எதைப் பற்றி வாதாடுகிறார்கள் என்பதை அங்கே கேட்கலாம். நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம்.

தமிழில் வேண்டும் என்றால் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் ஆயிற்றுத்தானே?

நாங்களும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினோம். நெற்பயிரின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் சிறிய கபில நிறப் பூச்சி ஒன்று உண்டு. எங்கள் முதல் பதிப்பில் அதற்குப் ‘புகையான்’ என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அதுதான் வழக்கு, தவறில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு முதியவர், வைக்கோல் எரிக்கும் புகையைப் பற்றியா கேட்கிறீர்கள் என்றார். இரண்டாம் முறை, இங்குள்ள விவசாய நூல்களில் இருக்கும் ‘கபில நிறத் தத்தி’ என்ற பெயரைப் போட்டோம். விவசாயப் போதனாசிரியர் தலையசைத்தார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் படத்தைக் காட்டியதும் நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்: “அட, அறக்கொட்டி!”

கதை அத்தோடு முடியவில்லை. பேசிக்கொண்டே போனபோது, சிலர் அந்தப் பூச்சியை அறக்கொட்டி என்றார்கள், சிலர் அது வந்து வட்டம் வட்டமாக எரிந்துபோன பயிரை அறக்கொட்டி என்றார்கள். ‘அறக்கொட்டி இருக்கிறதா?’ என்று செயலி கேட்டால், முதல் வகையினர் பூச்சியைக் கண்ட உடனேயே ஆம் என்பார்கள். இரண்டாம் வகையினர் பயிர் கருகிய பிறகுதான் ஆம் என்பார்கள். இந்த இரண்டு ‘ஆம்’களுக்கும் நடுவே ஓர் அறுவடையே போய்விடலாம். எந்த மொழிபெயர்ப்பாளராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வரம்பில் நின்று பேசியதால் கிடைத்தது.

அளவுகளிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பரப்புக் கணக்கில் பேசுவார். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், வயல் காணிக்கு வேறு கணக்கு. வன்னியில் ஏக்கர். திணைக்களப் படிவத்தில் ஹெக்டேயர். விளைச்சலைக் கேட்டால் மூடை என்பார்கள், மூடையின் எடையோ ஊருக்கு ஊர் மாறும். எனவே ‘உங்கள் ஊர் மூடை எத்தனை கிலோ?’ என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டுச் சேமித்துக்கொள்கிறோம்.

மட்டக்களப்பில் ‘வேளாண்மை’ என்றால் நெற்செய்கைதான். ‘உங்கள் வேளாண்மையில் எந்தப் பயிர்?’ என்று கேட்டு அங்கே முழிக்க வைத்திருக்கிறேன். வயல்வெளிக்கு அங்கே வட்டை என்று பெயர், நீர் விவகாரத்தைப் பார்ப்பவர் வட்டை விதானை. அவரை ‘நீர் முகாமையாளர்’ என்று திரையில் எழுதினால், அவரே தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

படம் எடுத்தால் நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே. இனி இந்த உழைப்பெல்லாம் தேவையா?

அதே அறக்கொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சி இருப்பது தண்டின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில். நின்றபடி எடுக்கும் படத்தில் பச்சை இலை மட்டும்தான் விழும், இயந்திரமும் ‘பயிர் நலம்’ என்று சொல்லிவிடும். குனிந்து, கதிர்க் கற்றையைக் கையால் விலக்கி, அடித்தண்டைப் பிடித்து எடுத்தால்தான் பூச்சி தெரியும். இதை எங்களுக்குச் சொன்னவர் வட்டை வரம்பில் எங்களோடு நடந்த ஒரு பெரியவர். “தம்பி, மேலே பார்த்து என்ன பயன்? காலடியில் பாருங்கள்” என்றார். அதற்குப் பிறகு, படம் எடுக்கும் முன் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டும் திரை ஒன்றைச் சேர்த்தோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பூச்சியைக் கண்டதும் மருந்தடிப்பது எப்போதும் சரியாக இருப்பதில்லை. சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்களைக் கண்மூடித்தனமான மருந்து கொன்றுவிட்டால், இந்தத் தத்தி முன்னைவிடப் பெருகி வரும். யூரியாவை அளவுக்கு மீறிப் போடுவதும் அதற்கு விருந்து. ஆகவே இயந்திரம் உறுதியான குரலில் தவறான பதிலைச் சொன்னால், விவசாயி தன் பணத்தைக் கொடுத்துத் தன் பயிருக்கே கேடு வாங்குகிறார். எங்கள் கருவிக்கு ‘தெரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அப்போது அது விவசாயப் போதனாசிரியரின் பெயரையும், விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்தையும் காட்டும்.

பசளை அளவைச் சொல்லும் செயலிதானே எளிது? அதில் தொடங்கலாமா?

அட்டவணை என்ற அளவில் எளிது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, அப்படிப்பட்ட அட்டவணைகள் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போயின. நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்த மாதங்களில் விவசாயி தேடியது எந்தக் கடையில் என்ன இருக்கிறது, என்ன விலை, இருப்பதை வைத்து எந்தக் காணியைக் காப்பாற்றலாம் என்பதைத்தான். களத்தில் ஆள் இல்லாத செயலிக்கு அது தெரிய வழியில்லை.

ஸ்மார்ட் போன் இல்லாதவர்களை என்ன செய்வது?

குரல் அழைப்பு. வேறு பதில் இல்லை. வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தாலும் அது பாடசாலைக்கோ வேலைக்கோ போகும் பிள்ளையின் கையில் இருக்கும், விவசாயியின் சட்டைப் பையில் இருப்பது பொத்தான் போன். இரவு உணவுக்கு முன் வரும் இரண்டு நிமிட அழைப்பைக் குடும்பமே சேர்ந்து கேட்பதைப் பார்த்திருக்கிறோம்.

பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லையே?

எத்தனை மணிக்குக் கூட்டம் வைத்தீர்கள்? காலை ஒன்பது மணிக்கு வைத்தால், வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்குகிறவர் எப்படி வருவார்?

கேள்விகளையும் மாற்ற வேண்டும். ‘குடும்பத் தலைவரின் பெயர்’ என்று தொடங்கும் படிவம் பெண்ணை முதல் வரியிலேயே வெளியே தள்ளிவிடுகிறது. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே சுமக்கிறார்கள். மட்டக்களப்பில் வயல் சீதனமாகப் பெண் பெயரில் இருப்பது வழக்கம். காணி அவர் பெயரில், செய்பவர் கணவர், செலவுக் கணக்கு மீண்டும் அந்தப் பெண்ணின் கையில். இந்த மூன்றையும் ‘விவசாயி’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் யாருடைய கருத்து பதிவாகிறது? நாங்கள் ‘காணி யாருடையது’, ‘செய்பவர் யார்’, ‘கணக்குப் பார்ப்பவர் யார்’ என்று தனித்தனியாகக் கேட்கிறோம். மூன்றாவது கேள்விக்கு அதிகம் வந்த பதில் ‘மனைவி’. எங்கள் கணக்குத் திரையை அதன்பின் பெண்களோடு மட்டும் உட்கார்ந்து மறுபடி வரைந்தோம்.

வருகிற விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் கொடுக்க வேண்டும். குறைந்தது அந்த ஊரின் ஒரு நாள் கூலி, போக்குவரத்து, உணவு. கொழும்பில் ஒரு ஆலோசகர் குளிரூட்டிய அறையில் ஒரு மணித்தியாலம் பேசுவதற்குக் கேள்வி கேட்காமல் பணம் கொடுக்கிறோம். நாற்பது வருட அனுபவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறவருக்கு மட்டும் ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் போதும் என்பது அநியாயம். பணம் கொடுத்தால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் கண்டது வேறு. நேரத்துக்கு மதிப்புக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்த பிறகுதான் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தொடங்குகிறார்கள்.

சேரும் தரவு யாருக்குச் சொந்தம்?

விவசாயிக்கு. சட்டப்படி பார்த்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டத்தோடு நிற்க முடியாது.

ஒருவர் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார், எந்தக் கிழமை அறுப்பார் என்ற தகவல் ஒரு நெல் வியாபாரியின் கைக்குப் போனால், அந்தக் கிழமை அவர் எந்த விலைக்கும் ஒத்துக்கொள்வார் என்பது வியாபாரிக்குத் தெரிந்துவிடும். காணியின் எல்லை அதைவிட உணர்வுபூர்வமான விடயம். இடம்பெயர்ந்து காணி உறுதியைத் தொலைத்தவர்கள், வனப் பகுதி என்று எல்லைக்கல் போடப்பட்ட காணியில் பரம்பரையாகச் செய்தவர்கள் இருக்கும் ஊரில், ‘காணியைச் செய்மதிப் படத்தில் குறியுங்கள்’ என்று ஓர் அந்நியர் கேட்டால் நெஞ்சு திடுக்கிடும். எங்கள் முதல் பதிப்பு அதைத்தான் கேட்டது. ஒரு கிராமத்தில் பாதிப் பேர் மதிய உணவுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. காரணத்தை அறிய எங்களுக்கு இன்னும் இரண்டு பயணம் பிடித்தது. இப்போது ஊர்ப் பெயரும் குளத்தின் பெயரும் மட்டும் கேட்கிறோம். மழை எச்சரிக்கைக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

தேவைக்கு மேல் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். எதைச் சேர்க்கிறோம் என்பதைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள். நீக்கச் சொன்னால் அன்றே நீக்குங்கள். போகத்தின் முடிவில் அவரவர் கணக்கை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

கொழும்பில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியாதா?

பாதி வேலை முடியும். நிரல் எழுதலாம். விஜேராம மாவத்தையில் கமநல ஆராய்ச்சி நிறுவகம் சேர்க்கும் சந்தை விலைகளைப் பார்க்கலாம். பத்தரமுல்லையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது. புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை 2020இன் கடைசியில் பேலியகொடைக்குப் போய்விட்டது. அங்கே விடியும் முன் போய் நின்றால், ஊர்களில் இருந்து வரும் லொறிகளில் என்ன வருகிறது, எது அழுகி வருகிறது, யார் விலை சொல்கிறார் என்பதைக் கண்ணால் காணலாம். புதிதாக எங்களோடு சேர்கிறவர்களை முதல் கிழமை அங்கேதான் அனுப்புகிறோம்.

மறுபாதிக்கு வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறத்தான் வேண்டும், அல்லது கோட்டையில் மட்டக்களப்புக்குப் போகும் உதயதேவி ரயில். எந்த நாளில் போவது என்பதை விவசாயி சொல்லட்டும். விதைப்பு, அறுவடை நாட்களில் போய் நிற்காதீர்கள். நீர் பாய்ச்சிவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் அவர்களே கதிரை போட்டு உட்காரவைப்பார்கள்.

ஒரு கருவிக்கு எவ்வளவு காலம் வேண்டும்?

குறைந்தது ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும். மழையை நம்பிச் செய்யும் போகத்தில் பயன்பட்ட கருவி, குளத்து நீரை எண்ணி எண்ணிச் செய்யும் போகத்தில் உதவாமல் போகலாம். நிதி தருகிறவர்களின் கணக்கு டிசம்பரில் முடியும், பெரும்போக அறுவடையோ பெப்ரவரி, மார்ச்சில். இந்த இரண்டையும் ஒப்பந்தம் எழுதும்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகள் ‘வேண்டாம்’ என்று சொன்ன கருவி ஏதாவது உண்டா?

உண்டு. நாங்கள் மிகவும் விரும்பிச் செய்த கருவி அது. ஒவ்வொரு மாலையும் நெல் விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். மூன்று மாதம் உழைத்தோம். மட்டக்களப்பில் ஒரு கூட்டத்தில் காட்டியபோது எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்து சொன்னார்: “தம்பி, விலை தெரிந்து நான் என்ன செய்ய? விதைநெல்லும் பசளையும் கடனுக்குத் தந்தவர் களத்துக்கே லொறியோடு வருவார். நெல் அவருக்குத்தான் போகும். நல்ல விலையை ஒவ்வொரு நாளும் எனக்கு அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கூட்டப் போகிறீர்களா?”

ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நெல்லைக் காயவைக்கத் தளம் இல்லை. அரசின் உத்தரவாத விலை 14 சதவீத ஈரப்பதன் உள்ள காய்ந்த நெல்லுக்கு. அறுவடை இயந்திரத்தில் இருந்து இறங்கும் பச்சை நெல்லில் ஈரம் அதைவிட எவ்வளவோ கூட. வீதியோரம் பரப்பினால் மழை. ஆகவே பச்சையாகவே விற்கிறார்கள், வியாபாரி ஈரத்துக்கு என்று கழிக்கும் கிலோவைச் சரிபார்க்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

விலைக் கருவியை அன்றோடு நிறுத்தினோம். நிதி தந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிதாக இருக்கவில்லை. அதன் இடத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களே கேட்டதைச் செய்தோம்: கடனாக வாங்கிய ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலேயே விலையோடு பதிவது, அறுவடையில் ஒரு கிலோ நெல்லுக்குத் தனக்கு என்ன செலவானது என்று காட்டுவது, தராசில் ஏறிய எடையையும் கழித்த எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது. அடுத்த போகத்தில் ஐந்து குடும்பங்கள் அந்தக் கணக்கை அச்சிட்டு எடுத்துப்போய்க் கடன்காரரோடு ஒன்றாக உட்கார்ந்து பேசின. இரண்டு குடும்பங்களுக்குக் கழிவு குறைந்தது. மூன்று குடும்பங்களுக்கு ஒன்றும் மாறவில்லை. உலர்த்தும் தளத்தைக் கருவியால் கட்டிக்கொடுக்க முடியாது. அதைக் கமக்காரர் அமைப்பு கமநல சேவை நிலையத்தில் கேட்டு வருகிறது, எங்கள் பதிவேட்டில் இருந்து எடுத்த ஈரக் கழிவுக் கணக்கை மனுவோடு இணைத்திருக்கிறார்கள்.

நான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் ஊருக்கு யாராவது செயலியோடு வந்தால் அப்பா, அம்மா என்ன கேட்க வேண்டும்?

இதைக் கேட்டதற்கு நன்றி. எங்களிடமும் இவற்றைக் கேளுங்கள்.

யார் பணம் தருகிறார்கள், அவர்கள் எங்களுக்குப் பசளையோ மருந்தோ விற்கிறவர்களா? எங்கள் கணக்கை யார் யார் பார்ப்பார்கள்? அதை நாங்கள் நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்குவீர்கள்? செயலி சொன்னதைக் கேட்டுப் பயிர் கெட்டால் யார் பொறுப்பு? உங்கள் திட்டம் முடிந்த மறுநாள் இந்தச் செயலி இயங்குமா? நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் உங்கள் அறிக்கையில் அதை எழுதுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, வந்தவரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள்.